மண்குளவி கூடு கட்டுவதை உட்கார்ந்து பார்ப்பது எப்படி

சுவரில் ஒட்டியிருக்கும் மண்கட்டியைத் துடைப்பக் கட்டையால் தட்டிவிடக் கிளம்பிவிட்டீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். நானும் பல வருடம் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தட்டியபோது கட்டி உடைந்து உள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு சிலந்திகள் பொலபொலவென்று தரையில் கொட்டின, எல்லாம் செத்துக் கிடக்கின்றன என்று நினைத்துக் குனிந்து பார்த்தால் ஒன்றின் கால் மெதுவாக மடங்குகிறது, ஆனால் எழுந்து ஓடவில்லை. உயிர் இருக்கிறது, அசைவு இல்லை. அன்றைக்குத் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கூடு எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். நான் தடுமாறித் தடுமாறிக் கற்றுக்கொண்டதை உங்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். கூட்டமாக வாழ்ந்து, கூட்டைத் தொட்டால் துரத்தித் துரத்திக் கொட்டும் குளவிகள் வேறு. அவை மரநாரை மென்று காகிதம் மாதிரி கூடு கட்டுபவை. மண்ணில் கட்டுபவற்றில் பெரும்பாலானவை தனிக்கட்டைகள். ஒரு கூடு, ஒரு தாய், உதவிக்கு யாரும் கிடையாது. அவள் கொடுக்கு வைத்திருப்பது வேட்டைக்கு, காவலுக்கு அல்ல. கையால் பிடித்தாலோ துணிக்குள் மாட்டி நசுங்கினாலோ கொட்டுவாள், மற்றபடி நீங்கள் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதை அவள் பொருட்படுத்துவதே இல்லை. குளவிக்கடி ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இன்னும் தள்ளி உட்காருங்கள், அதில் வீரம் காட்ட வேண்டாம்.

நாம் அதிகம் பார்ப்பது ஸ்கெலிஃப்ரான் என்ற பேரினத்தை. கறுப்பும் மஞ்சளுமான உடல், நூல் மாதிரி ஒரு இடுப்பு, அது எப்படி ஒடியாமல் இருக்கிறது என்று தோன்றும். இதில் ஒரு வகைக்கு அறிவியல் பெயரே ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பதானம், மதராஸ்பட்டணத்தின் பெயரில் 1781இல் டென்மார்க் பூச்சி ஆராய்ச்சியாளர் ஃபாப்ரிசியஸ் வைத்தது. நம் பேச்சில் இந்த மண்குளவிகளுக்கு வேட்டுவாளி என்றும் ஒரு பெயர் உண்டு. வேட்டையாடுகிற பூச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

கூட்டைத் தேடாதீர்கள், சேற்றைத் தேடுங்கள்

எல்லோரும் செய்கிற தப்பு, கூட்டை முதலில் தேடுவது. கண்ணில் படும்போது அது பாதி முடிந்திருக்கும், அல்லது எப்போதோ காலியாகியிருக்கும். குழாயடி, தொட்டி நிரம்பி வழியும் இடம், செடிக்குத் தண்ணீர் ஊற்றிய ஓரம், மழைக்குப் பின் தேங்கிய குட்டை, இப்படி ஈரமண் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். வெயில் ஏறிய காலை நேரம் நல்லது. சேற்றில் தலையைக் கவிழ்த்து, வயிற்றை மேலே தூக்கிக்கொண்டு, ஏறக்குறையத் தலைகீழாக நிற்கிற ஒரு குளவியைப் பார்த்தால் அவள்தான். உடம்பில் சேறு படாமல் இருக்கத்தான் அந்த நிலை என்று எனக்குத் தோன்றும். தாடையால் மண்ணைச் சுரண்டி, முன்கால்களால் திரட்டி, ஒரு சின்ன உருண்டை பிடிப்பாள். அந்த நேரத்தில் கூர்மையான ஒரு ரீங்காரம் கேட்கும், பறக்கும்போது வருகிற சத்தம் அல்ல அது. அதைக் காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அக்கம்பக்கத்தில் சேறே இல்லையென்றால் நீங்களே போட்டு வையுங்கள். அகலமான ஒரு தட்டு, அதில் களிமண், தட்டை லேசாகச் சாய்த்து ஒரு பக்கம் மட்டும் தண்ணீர். குளம் மாதிரி நிரப்பினால் வரமாட்டாள், ஈரமும் காய்வும் சந்திக்கிற அந்த விளிம்புதான் அவளுக்கு வேண்டும். மணல் கலந்த மண் உதவாது. ஒரு துளி மண்ணை நனைத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், உடையாமல் திரி மாதிரி நீண்டால் அது அவளுக்கும் பிடிக்கும். தட்டை வைத்த அன்றே வருவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு முதல் வாடிக்கையாளர் வர ஒரு வாரம் ஆனது, அதுவரை வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சரி, உருண்டை பிடித்துவிட்டாள். இப்போது அவள் பறக்கும் திசையை மட்டும் பாருங்கள், பின்னாலேயே ஓடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்த நடைக்குத் திரும்பி வருவாள், அதே திசையில் போவாள். நீங்கள் அந்தக் கோட்டில் பத்தடி முன்னால் போய் நில்லுங்கள், அடுத்த நடையில் இன்னும் பத்தடி. நாலைந்து நடையில் கூடு இருக்கும் இடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் கூரையின் உள்பக்கம், ஜன்னல் சட்டத்தின் மேல்மூலை, மாடிப்படியின் அடி, பாலத்தின் அடிவயிறு என்று மழை நேராக அடிக்காத இடமாகத்தான் இருக்கும். காரணம் சுலபம், அவள் மண்ணைச் சுடுவதில்லை. சுடாத மண்ணில் நாலு நாள் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும்.

பக்கவாட்டில் உட்காருங்கள். நேர் எதிரே உட்கார்ந்தால் அவள் வருகிற வழியை மறைப்பீர்கள், அப்போது அவள் கோபப்பட மாட்டாள், ஆனால் உங்கள் தலையைச் சுற்றி வட்டமடித்து நேரத்தை வீணாக்குவாள். ஒரு நோட்டு, பேனா, கைக்கடிகாரம், முடிந்தால் கைபேசி வீடியோ. ஒவ்வொரு நடைக்கும் வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். இது சலிப்பான வேலை மாதிரி இருக்கும், ஆனால் எழுதினால்தான் நடு நடுவே அவள் ஏன் காணாமல் போகிறாள் என்பது பிடிபடும்.

கட்டுமானம்

இதுதான் நான் மணிக்கணக்கில் பார்த்த பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

உருண்டையோடு வந்து இறங்கியதும் அதை அப்படியே அப்பிவிட்டுப் போவதில்லை. கட்டப்போகும் அறையின் விளிம்பில் ஒரு பக்கத்தில் உருண்டையை வைத்து, தாடையால் அழுத்தியபடியே பின்னோக்கி நகர்ந்து, அரைவட்டமாக ஒரு பட்டை இழுப்பாள். அடுத்த நடையில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு அரைவட்டம். இடம், வலம், இடம், வலம். இரண்டு பட்டைகளும் நடுவில் சந்திக்கும் இடத்தில் பின்னல் சடை மாதிரி ஒரு கோடு விழும். அப்படியே நீண்டு நீண்டு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு முனை திறந்த குழாயாக ஓர் அறை வந்துவிடும். வெளியே பட்டை பட்டையாகத் தெரியும், உள்ளே மட்டும் வழுவழு.

மண்ணை இழுக்கும்போது அதே கூர்மையான ரீங்காரம் மறுபடியும் கேட்கும். அது ஏன் என்று எனக்கு விளங்கியது ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தில். கான்கிரீட் கொட்டியதும் அதற்குள் வைப்ரேட்டர் விடுவார்களே, அதுவரை குவியலாக நின்ற கலவை சட்டென்று இளகித் தண்ணீர் மாதிரி மூலைக்கு மூலை ஓடி உட்காருமல்லவா? அதே வேலைதான். இறக்கையை இயக்கும் தசையைப் பறக்காமலேயே அதிரவிட்டு, அந்த அதிர்வைத் தலை வழியாகத் தாடைக்கு அனுப்புகிறாள். அதிரும்போது மண் இளகிப் பழைய பட்டையோடு கலக்கிறது, அதிர்வு நின்றதும் இறுகிவிடுகிறது. கொத்தனார் கரண்டியும் வைப்ரேட்டரும் ஒரே வாயில்.

ஓர் அறைக்கு ஏறக்குறைய 20 முதல் 40 நடை மண் வேண்டும். நடைகளை எண்ணத் தவறிவிட்டாலும் பரவாயில்லை, பூச்சு விழாத புதுக்கூட்டில் பட்டைகளையே எண்ணிக்கொள்ளலாம், ஏறக்குறைய ஒரு பட்டைக்கு ஒரு நடை. இன்னொரு வேடிக்கையும் செய்யலாம். சேற்றுத் தட்டில் முதலில் கறுப்புக் களிமண் வையுங்கள், அவள் நாலைந்து நடை எடுத்ததும் அதை எடுத்துவிட்டுச் செம்மண் வையுங்கள். அவள் வேறு இடம் தேடிப் போகாமல் உங்கள் தட்டிலேயே தொடர்ந்து எடுத்தால், கூட்டில் கறுப்பும் சிவப்புமாக வரி விழும். எந்த வரி எத்தனை மணிக்கு விழுந்தது என்று உங்கள் நோட்டு சொல்லும்.

அறை முடிந்த பிறகு மண் வருவது திடீரென்று நின்றுவிடும். வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள், வேட்டைக்குப் போயிருக்கிறாள். ஒரு சிலந்தியைக் கொட்டிச் செயலிழக்க வைத்து, தூக்கி வந்து அறைக்குள் தள்ளுவாள். பெரும்பாலும் முதலில் வந்த சிலந்தியின் வயிற்றில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு, அதன் மேல் மற்றவற்றை அடுக்குவாள். சாதாரணமாக ஆறேழிலிருந்து பதினைந்து சிலந்தி வரை இருக்கும், சின்னச் சின்னதாகக் கிடைத்தால் இருபதைத் தாண்டும். கொல்லாமல் விடுவதற்குக் காரணம், செத்தது அழுகிவிடும் அல்லது காய்ந்துவிடும், குழந்தைக்குப் பல நாளைக்குக் கெடாத சாப்பாடு வேண்டும். நான் அன்றைக்குத் தரையில் பார்த்த கால் அசைவு இதுதான். கொடூரமா என்று கேட்டால், ஆமாம். ஆனால் அவள் தேன் குடித்து வாழ்கிறவள், பிடிக்கிற சிலந்தியெல்லாம் பிள்ளைக்கு.

குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டியே அதைத் தன்னைப் போலக் குளவியாக்கிவிடும் என்ற பேச்சு நம்மிடம் பழையது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும், வேறொரு பூச்சி உள்ளே போனது, சில வாரம் கழித்துக் குளவி வெளியே வந்தது. நடுவில் இருந்த முட்டை மட்டும் கண்ணில் படவில்லை.

உள்ளே பார்க்க ஆசையாக இருந்தால், அவள் வேட்டைக்குப் போன இடைவெளியில் ஒரு சின்னக் கண்ணாடியைக் குச்சியில் ஒட்டி, டார்ச் வெளிச்சத்தை அதில் பட்டுத் திரும்புகிற மாதிரி அடித்துப் பாருங்கள். விரலை விடாதீர்கள், ஈர விளிம்பு உடனே உடைந்துவிடும். சாயங்காலத்துக்குள் சிலந்தி சேரவில்லையென்றால் மெல்லிய மண் மூடி போட்டு வாயை அடைத்துவிட்டு மறுநாள் வந்து உடைத்துத் தொடர்வதும் உண்டு, அதைப் பார்த்துவிட்டு அறை முடிந்தது என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள், நான் எழுதினேன்.

அறை நிறைந்ததும் மண்ணால் இறுக்கி மூடிவிட்டு, பக்கத்திலேயே அடுத்த அறை. சில கூடு ஓரிரு அறையோடு நின்றுவிடும், சில இருபதைத் தாண்டும். கடைசியில் ஒரு வேலை செய்வாள், எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. அவ்வளவு அழகாகப் பின்னிய பட்டை வேலைப்பாட்டின் மேல் சேற்றை வாரி வாரி அப்பி, யாரோ சுவரில் எறிந்த மண்கட்டி மாதிரி ஆக்கிவிடுவாள். ஆனால் அந்தக் கனத்த பூச்சு இருந்தால் அறைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது வெளியில் தெரியாது.

இந்த நிலையில் பிரெஞ்சுப் பூச்சி ஆராய்ச்சியாளர் ஃபாப்ர் ஒரு குறும்பு செய்தார். பூச்சு வேலை நடக்கும்போதே கூட்டைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டார். சுவரில் மிஞ்சியது வெறும் தடம். குளவி மண்ணோடு திரும்பி வந்தது, கூடு இல்லாத அந்த வெறும் இடத்தின் மேலேயே பூசியது, திரும்பத் திரும்பப் பூசியது. பூசுகிற கட்டம் வந்துவிட்டால் பூச வேண்டும், கீழே என்ன இருக்கிறது என்பது கணக்கில் இல்லை. இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், அவர் செய்ததே போதும்.

பானை செய்பவள்

சின்னக் கிளையிலோ சுவரிலோ, கழுத்தும் விளிம்பும் வைத்த குட்டிப் பானை ஒன்று ஒட்டியிருந்தால் அது வேறொருத்தியின் வேலை. யூமெனிஸ், டெல்டா போன்ற குயவக் குளவிகள். இவற்றைப் பார்க்க நீங்கள் சேற்றடியில் காத்திருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். இவள் தண்ணீரைக் குடித்து வயிற்றுப் பையில் கொண்டுபோய், காய்ந்த தரையில் உமிழ்ந்து, அங்கேயே மண்ணைக் குழைத்து உருண்டை செய்கிறவள். தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு கண், காய்ந்த கட்டாந்தரையில் ஒரு கண் என்று வைக்க வேண்டியிருக்கும். எந்தத் தரையைச் சுரண்டுகிறாள் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, அதே இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருவாள்.

சுவர் எழுப்பும்போது மண் பட்டையை உள்ளே ஒரு தாடை வெளியே ஒரு தாடை வைத்து மெல்லியதாக்கிக்கொண்டே வட்டமாகச் சுற்றுவாள். சக்கரம் கிடையாது, குயவரே பானையைச் சுற்றி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை வைப்பதிலும் முறை தலைகீழ். சிலந்திக்காரி சாப்பாடு கொண்டுவந்த பிறகுதான் முட்டையிடுவாள், இவள் காலிப் பானைக்குள் வயிற்றை விட்டுக் கூரையிலிருந்து மெல்லிய நூலில் முட்டையைத் தொங்கவிட்டுவிட்டு அதன் பிறகுதான் பச்சைப்புழுக்களைப் பிடித்துவந்து கழுத்து வழியாகத் திணிப்பாள். புழுக்கள் முழுக்கச் செயலிழப்பதில்லை, நெளியும். தரையில் முட்டை இருந்தால் நசுங்கிவிடும், அதனால்தான் தொங்கவிடுகிறாள் என்பது இதையும் உடைத்துப் பார்த்த ஃபாப்ரின் கருத்து.

புல்லாங்குழல்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியது மாதிரி நீளமான மண்குழாய்கள் தெரிந்தால் அது டிரிப்பாக்சிலான். இதுவும் சிலந்தி வேட்டைதான். இதில் சில வகைகளில் அதிசயமாக அப்பாவும் வீட்டில் இருப்பார், அவள் வெளியே போயிருக்கும்போது வாயிலில் தலையை வைத்துக் காவல் இருப்பார். மற்ற மண்குளவி வீடுகளில் அந்தப் பேச்சே கிடையாது.

பழைய கூட்டைப் படிப்பது

வெப்பமான காலத்தில் சில வாரத்தில் புதுக்குளவி வெளியே வரும், குளிர்காலம் குறுக்கே வந்தால் உள்ளே மாதக்கணக்கில் உறங்கும். எல்லா அறையிலும் ஓட்டை விழுந்த பிறகே கூட்டை எடுங்கள். தட்டையான கத்தியைச் சுவரோடு சேர்த்து நுழைத்து நெம்பினால் அடிப்பாகத்தோடு வந்துவிடும். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தால் அறைகள் எல்லாம் வரைபடம் மாதிரி திறந்து கிடக்கும், அங்கே சுவரே ஒரு பக்கச் சுவராக இருந்ததால்.

வட்டமாக, அறையின் அகலத்துக்கு ஒரு ஓட்டை, உள்ளே தேநீர் நிறத்தில் மொறுமொறுவென்று ஒரு காகிதக் கூடு என்றால் பிள்ளை நல்லபடியாகப் பறந்துபோயிற்று. காய்ந்த சிலந்திகள் அப்படியே இருந்தால் முட்டை பொரியவில்லை. ஓட்டை ரொம்பச் சின்னதாக இருந்தால் வேறு யாரோ உள்ளே வளர்ந்து வெளியே போயிருக்கிறார்கள். கட்டும்போதே பச்சையும் நீலமுமாக, மின்னும் உலோகம் மாதிரி ஒரு சின்னக் குளவி அக்கம்பக்கத்தில் சும்மா நடப்பதைப் பார்த்திருப்பீர்களானால் அதுதான் குயில் குளவி. தாய் வெளியே போன சமயம் பார்த்து உள்ளே தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும், மாட்டிக்கொண்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், மேல் ஓடு கெட்டி என்பதால் ஒன்றும் ஆகாது.

பழைய கூட்டில் புது மண் மூடி தெரிந்தால், நீலம் மினுங்கும் காலிபியான் என்ற குளவி குடியேறியிருக்கலாம். இவள் புதிதாகக் கட்டுவதில்லை. தண்ணீர் கொண்டுவந்து அடுத்தவள் கட்டிய அறையை நனைத்து இளக்கி, உள்ளே இருப்பதை வெளியே எறிந்துவிட்டுத் தன் சிலந்திகளை வைத்து மறுபடி மூடுவாள். அதனால் ஓட்டை இல்லாத அறையை உடைக்காதீர்கள், அது பழசு என்று நீங்கள் நினைப்பது பழசாக இருக்க வேண்டியதில்லை.

இடித்தே ஆக வேண்டும் என்றால்

சில இடங்களில் விடக்கூடாது. குழாய் மாதிரி எந்தத் துவாரம் கிடைத்தாலும் மண்குளவிகளுக்குப் பாதி கட்டிய வீடு கிடைத்த மாதிரி. ஏசி தண்ணீர் வடியும் குழாய், எரிவாயு அடுப்பின் வெளிக்குழாய், ஓடாமல் நிற்கும் வண்டியின் புகைக்குழாய், மின்சாரப் பெட்டியின் துவாரம் எல்லாவற்றையும் அடிக்கடி பாருங்கள். இது சில்லறை விஷயமில்லை. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கன்ஏர் விமானம் கடலில் விழுந்து அதிலிருந்த 189 பேரும் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் அடைபட்டு விமானிகளுக்குத் தப்பான வேகம் காட்டியது. சில நாட்கள் உறை போடாமல் விமானம் நின்றிருந்தபோது மண்குளவி அதற்குள் கட்டியிருக்கலாம் என்பதுதான் விசாரணையில் வந்த வலுவான சந்தேகம்.

வேண்டாத இடத்தில் முதல் இரண்டு மூன்று பட்டை விழும்போதே துடைத்துவிடுங்கள், அவளுக்கும் நஷ்டம் குறைவு. மருந்து அடிக்கத் தேவையே இல்லை, துவாரத்துக்குச் சல்லடைக் கம்பி வலை போதும். மூடிய அறைகளோடு ஒரு கூட்டை எடுக்க நேர்ந்தால் குப்பையில் போடாமல், பக்கத்தில் ஓட்டைகள் போட்ட ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து மழை படாத இடத்தில் வெளியே வையுங்கள், குளவி நுழையும் அளவுக்கு ஓட்டை பெரிதாக இருக்கட்டும். சுவரில் மிஞ்சும் மண் தடத்தை ஈரத்துணியால் தேய்க்காதீர்கள், கறை பரவிவிடும். நன்றாகக் காயவிட்டு, முதலில் உலர்ந்த பிரஷ், அப்புறம்தான் துணி.